பெயர் சொல்லிக் குடித்த மருந்து

புதிதாக வார்டுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி மேட்ரன் கேட்டார். எழுதுவதற்கு முன்னால் நீங்கள் யாரென்று தெரிந்துகொள்ள விரும்பி, உங்கள் விண்ணப்பங்களை வாங்கிப் படித்தேன். "ஏன் தாதிமைத் தொழிலைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் 'சேவை' என்று எழுதியிருந்தீர்கள். ஒருவர் மட்டும் 'வேறு வேலை கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தார். அவரைத்தான் எனக்கு முதலில் பிடித்தது. ஏனென்றால் 1925இல் நானும் அப்படித்தான் வந்தேன்.

என் அப்பா மலாயாவில், குளுவாங்கில் ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். நான் பள்ளிக்கூடம் முடித்தபோது ஆசிரியை வேலைக்கு இடமில்லை. ஜொகூர் பாருவில் தாதிப் பயிற்சிக்கு இடமிருந்தது. "ஆம்பிளையளின்ர புண் கழுவுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?" என்று அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த மூன்று நாளும் ஸ்டேஷனிலேயே சாப்பிட்டார். இவ்வளவுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை. இதில் தேர்ந்தெடுத்தது என்று எதுவும் இல்லை. தேர்ந்தெடுத்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் எதையும் தேதி போட்டு எழுதிவைக்கிறவள். பதினாறு வயதிலிருந்து குறிப்பேடு வைத்திருக்கிறேன். இந்தச் சம்பவத்தைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் 'கொட்டுகிற மழையில்' என்றுதான் தொடங்குவேன். இதை எழுத உட்கார்ந்தபோது 1928ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய பக்கத்தில் 'மழை இல்லை. காற்று' என்று மட்டும் இருக்கிறது. வேறு ஒரு சொல்லும் இல்லை. ஏன் இல்லை என்பது போகப்போகத் தெரியும். மழையை நான்தான் பின்னால் சேர்த்திருக்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன். பலகைச் சுவர், தகரக் கூரை, பன்னிரண்டு கட்டில். டாக்டர் வெள்ளிக்கிழமைகளில் பத்து பாகாட்டிலிருந்து காரில் வருவார். மற்ற ஆறு நாளும் டிரஸ்ஸர்தான் எல்லாம். டிரஸ்ஸர் என்பவர் டாக்டர் இல்லை. மருந்து கலக்கவும் ஊசி போடவும் காயம் கட்டவும் தெரிந்தவர். எங்கள் டிரஸ்ஸரும் யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடம் தோட்டங்களிலேயே இருந்தவர்.

அந்தக் காலத்தில் தோட்டங்களில் மலேரியாதான் பெரிய எமன். அதனால் விடிகிற நேரத்துப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் பெயர் வாசிக்கக் கூடுகிற கூட்டத்தில், ஒவ்வொருவரும் ஓர் அவுன்ஸ் கொய்னாத் தண்ணீர், அதாவது குவினைன் கரைத்த தண்ணீர், குடிக்க வேண்டும். அதன் கசப்பை எழுத்தில் சொல்ல முடியாது. கொய்னா மரப்பட்டை உலகத்தைச் சுற்றிவந்த வரலாற்றைப் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். கப்பல் தலைவர்கள், பாதிரிமார்கள், பிரபுக்கள் எல்லோரும் அவற்றில் வருகிறார்கள். விடியற்காலையில் வரிசையில் நின்று அதைக் குடித்தவர்கள் பற்றி ஒரு வரி வராது.

குடிக்கிற மாதிரிக் குடித்து, வாயில் வைத்திருந்து, மரத்துக்குப் பின்னால் போய்த் துப்புவார்கள். அதைத் தடுக்க, குடித்தவுடன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று டிரஸ்ஸர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாயில் மருந்திருந்தால் பேச முடியாது என்பது கணக்கு. பெண்கள் வரிசையை என்னிடம் ஒப்படைத்தார். முதல் வாரத்திலேயே ஒன்றைக் கண்டுபிடித்தேன். 'மீனா' போன்ற சின்னப் பெயர்களை, வாயில் மருந்தை வைத்துக்கொண்டே முனகிவிடப் பழகியிருந்தார்கள். எனவே பெயர் மட்டும் போதாது, குடியிருக்கும் லயத்தின், அதாவது வீட்டு வரிசையின், எண்ணும் வீட்டு எண்ணும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மாற்றினேன். சொன்னதும் என் குறிப்பேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவேன்.

"நர்ஸம்மா கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றாங்கடி," என்று வரிசையில் ஒருத்தி சொல்வாள்.

"மாப்பிள்ளை பேரும் சொல்லணுமா அம்மா?"

"உன் மாப்பிள்ளை பேரைக் கங்காணி சொல்வாரு, நீ வாயத் தொற."

சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு இருபத்திரண்டு வயது; சிரித்தால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் என் பட்டியலில் ஒரு கோடுகூடக் குறையவில்லை. டாக்டர் அதைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவுக்கு அதைக் கடிதத்தில் எழுதினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பால்வெட்டுக்குப் போயிருந்த ஒரு பெண்ணை எட்டு மணிக்கெல்லாம் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பெயர் மாரியாயி, நாற்பது வயதுக்கு மேல், விதவை. சாக்கடைப் பாலத்தில் தடுமாறி, பால்வாளியோடு விழுந்துவிட்டாராம். வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு முனகினார். நான் கேட்டதற்கெல்லாம் வேறெதையோ சொன்னார். கண்ணுக்கு முன்னால் விரலைக் காட்டினேன். கண் திறந்தே இருந்தது, விரலைப் பின்தொடரவில்லை.

"ஏன் விளக்கை அணைச்சிட்டீங்க?" என்றார். காலை வெயில் அவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

டிரஸ்ஸர் நாடியைப் பார்த்தார். கை சில்லிட்டிருந்தது. "மலேரியா தலைக்கு ஏறுது. பிள்ளை, கொய்னா ஊசிக்கு ஆயத்தப்படுத்தும். பெரிய அளவு," என்றார்.

நான் வெப்பமானியைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

"ஐயா, காய்ச்சல் இல்லையே. பாருங்கோ."

"குளிர்ந்த மலேரியா எண்டு ஒண்டு இருக்கு. உடம்பு சில்லெண்டு இருக்கும், உள்ளுக்கை ஆளை முடிச்சுப்போடும். போன வருஷம் இதே கட்டிலில ஒருத்தன் ஒரு மணித்தியாலத்தில போனவன். நானும் உம்மை மாதிரித்தான் காய்ச்சல் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

அவரை நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. அவர் சொன்னது பொய் இல்லை. அப்படி ஒரு மலேரியா உண்டு. அதற்குத் தாமதம்தான் எமன். அவர் தன் பழைய தவறைத் திரும்பச் செய்யாமலிருக்கப் பார்த்தார்.

ஊசியைக் கொதிநீரில் போட்டேன். அது கொதிக்கிற நேரத்தில் மாரியாயி தன் காதை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருந்தார். குனிந்து கேட்டேன். "வண்டு... காதுக்குள்ள வண்டும்மா. பத்து நாளா. ரெண்டு காதுலயும்."

காதில் இரைச்சல், காது மந்தம், தலைச்சுற்றல், வாந்தி, கண் மங்கல். பயிற்சியில் மனப்பாடம் செய்த வரிசை இது. மலேரியாவின் வரிசை இல்லை, கொய்னா அளவுக்கு மீறினால் வருகிற வரிசை. ஆனால் அவர் குடித்தது எல்லோரையும் போல நாளுக்கு ஓர் அவுன்ஸ். என் பட்டியலில் கோடு இருக்கிறது. ஓர் அவுன்ஸால் இது வராது.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தது. டிரஸ்ஸர் சொன்னது சரியாக இருந்து நான் ஊசியைத் தாமதப்படுத்தினால் மாரியாயி சாவார். நான் நினைத்தது சரியாக இருந்து ஊசியைப் போட்டால், கண் நிரந்தரமாகப் போகும். இதயம் நின்றாலும் நிற்கும். டாக்டரைத் தேடி மானேஜர் பங்களாவிலிருந்து டெலிபோன் செய்தார்கள். அவர் ஏதோ ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தார், எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, 'உத்தரவு அவருடையது, ஊசி என் கையில் இருந்தாலும் பொறுப்பு அவருடையது' என்பதுதான். அதோடு, அப்பாவின் கடிதம் ஒன்று என் பெட்டியில் இருந்தது. பத்து பாகாட்டில் அரசாங்க வேலையிலிருக்கும் ஒரு மாப்பிள்ளை. நான் வேலையை விட்டால் சம்மதம். பதிலைப் பாதி எழுதியிருந்தேன். எழுதிய பாதி, சம்மதம். இன்னும் ஒரு மாதத்தில் இங்கிருந்து போகப்போகிறவள் ஏன் டிரஸ்ஸரோடு மல்லுக்கட்ட வேண்டும்?

"ஐயா, அரை மணித்தியாலம் தாங்கோ," என்றேன்.

"கால் மணித்தியாலம்," என்றார். அதைத் தந்ததற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் கூடி நின்றார்கள். வேலை நேரத்தில் அத்தனை பேர் வந்து நிற்பதே அதிசயம். நான் போனதும் பேச்சு நின்றது.

"மாரியாயி என்ன குடிச்சவ? என்ன சாப்பிட்டவ? ஆருக்காவது தெரியுமோ?"

"எங்களுக்கு என்னம்மா தெரியும்? நாங்க பேரு சொன்னோம், நீங்க கோடு போட்டீங்க."

"புத்தகத்துல பாருங்கம்மா. அதுலதான் எல்லாம் இருக்குமே."

அப்போதுதான் கவனித்தேன். குறிப்பேடு என் கையில் இருந்தது, விரலிடுக்கில் பென்சில். கேள்வி கேட்கும்போதே எழுதத் தயாராக நின்றிருக்கிறேன். இரண்டு மாதமாக அவர்கள் என்னைப் பார்த்த கோலம் இதுதான்.

இரண்டையும் குழாயடித் திண்டில் வைத்தேன். "எழுதமாட்டன். ஆர் சொன்னது எண்டு டிரஸ்ஸர் ஐயாவுக்கும் சொல்லமாட்டன். உள்ளுக்கை அவவுக்கு ஊசி போடப்போகினம். எனக்கு அது சரியோ பிழையோ தெரியேல்லை. அதுக்குத்தான் கேக்கிறன்."

ஓரமாக நின்ற ஒருத்தி மட்டும், செல்லாயி என்று பெயர், மெல்லக் கேட்டாள்: "என்னா ஊசிம்மா?"

"கொய்னா ஊசி."

"கொய்னாவா?" அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இன்னுமா? போடாதீங்கம்மா! என் பங்கையும் அவங்கதான் குடிச்சாங்க."

"சும்மாயிரு செல்லாயி," என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள்.

"விடுக்கா. செத்துப்போயிருவாங்க." என்னைப் பார்த்தாள். "எனக்கு மூணு மாசம்மா. முன்னாடி ரெண்டு தங்கலை. கொய்னா குடிச்சா கலைஞ்சிரும்னு... அவருக்குக்கூட இன்னும் சொல்லலை. மாரியாயி அக்காதான், 'எனக்கு இனிமே என்னா, புள்ளை பெக்கிற வயசா? நான் குடிக்கிறேன்'னாங்க. அவங்களும் நானும் ஒரே கப்பல்ல வந்தவங்கம்மா. முன்னாடின்னா துப்பிருவேன். நீங்க வந்து வீட்டு நம்பரெல்லாம் கேட்டதும் முடியலை."

"உன்னுடையது மட்டுமோ?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாரியாயியின் பங்கோடு சேர்த்து மூன்று பேருடையது. பதினைந்து நாளாக. தன் பங்கைக் குடித்துவிட்டு, தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு, வரிசையில் திரும்ப வந்து நின்று, 'செல்லாயி, நாலாம் லயம், ஏழாம் வீடு' என்று சொல்லிக் குடித்திருக்கிறார். பிறகு இன்னொரு முறை, இன்னொரு பெயர். என் கையாலேயே மூன்று முறை ஊற்றியிருக்கிறேன். மூன்று முறையும் பெயர் காதில் விழுந்தவுடன் தாளில் கோடு போடக் குனிந்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததே இல்லை.

உள்ளே போனேன். டிரஸ்ஸர் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டிருந்தார்.

"ஐயா, இது மலேரியா இல்லை. கொய்னா கூடிப்போச்சு. இவவுக்கு நாளுக்கு மூண்டு தரம் ஊத்துப்பட்டிருக்கு."

"ஆர் ஊத்தினது?"

"நான்தான்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? ஒரே ஆளுக்கு மூண்டு தரம் எப்பிடி ஊத்துவீர்?"

"முகத்தைப் பாக்காமல் ஊத்தினனான்."

அவர் என்னையே பார்த்தார். வேறு யாரோ இதில் இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகக் குழாயடியை ஒருமுறை பார்த்தார். கேட்கவில்லை. "நான் ஊசி போடாமல் இவள் செத்தால்?"

"என்ரை பொறுப்பு."

"எழுதித் தாரும்."

எழுதினேன். 'என் கவனக்குறைவால் நோயாளிக்கு மும்மடங்கு கொய்னா கொடுக்கப்பட்டது. ஊசி வேண்டாமென்று கேட்டுக்கொண்டவளும் நானே.' கையெழுத்துப் போட்டேன். அவர் ஊசியிலிருந்த மருந்தை வடிகாலில் விட்டார்.

பயமில்லாமல் அதைச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அன்று மாலைவரை ஒவ்வொரு கால் மணிக்கும் மாரியாயியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டால் நான் அவரைக் கொன்றவள். செல்லாயி கடும் காப்பி போட்டுக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தோம். வெளிச்சம் கண்ணைத் தாக்காமலிருக்க ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். நான்கு மணிக்கு வாந்தி நின்றது. ஐந்து மணிக்குக் கை சூடு கண்டது. காய்ச்சல் சூடு இல்லை, மனிதச் சூடு. உயிர் தங்கிவிட்டது. கண் மட்டும் திரும்பவில்லை.

குழாயடியில் கொடுத்த வாக்குப்படி, அன்றிரவு குறிப்பேட்டில் வானிலையை மட்டும் எழுதினேன். பாதி எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்துவிட்டு, வேலையை விடமாட்டேன் என்று வேறு கடிதம் எழுதினேன். அப்பா அதற்குப் பதில் போடவில்லை. அடுத்த மாதம் ஒரு குடை அனுப்பினார்; அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலை நான் தேர்ந்தெடுத்த நாள் எதுவென்று கேட்டால், அதுதான். சேவை என்ற சொல் அன்று என் நினைவில் இல்லை. நான் ஊற்றிய மருந்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். மாரியாயியின் கண்ணைச் சோதித்துவிட்டு, திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். என் தாளைப் படித்தார். "ஏன் ஒரு பெண் மற்றவர்களுடைய மருந்தைக் குடிக்கிறாள்?" என்று கேட்டார். பெயர் சொல்லாமல் காரணத்தை மட்டும் சொன்னேன். பிறகு இரண்டு காரியம் செய்தார். கர்ப்பிணிகள் பெரட்டில் நிற்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் என்னிடம் தனியாக வந்தால் போதும் என்று உத்தரவிட்டார். என் பணிப்பதிவில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். ஓய்வு பெறுகிற நாள்வரை அந்தச் சொல் அதில் இருந்தது. அது அங்கே இருக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு என்னிடமிருந்து அறிவுரை வேண்டுமென்றால், இரண்டு உண்டு. மருந்துச் சீட்டில் பெயரைச் சரிபார்த்த பிறகு நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள். நோயாளி உங்களை ஏமாற்றினால் கோபப்படுமுன், அந்தப் பொய் யாரைக் காப்பாற்றுகிறது என்று விசாரியுங்கள். என் கட்டுப்பாடு எவ்வளவு இறுகியதோ அவ்வளவு சாமர்த்தியமாக அவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றினார்கள். குறையில்லாத என் பட்டியல் அதற்குத்தான் சாட்சி.

செல்லாயி தனியாக வந்தபோது, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்கம்மா, குடிக்கிறேன்," என்றாள். அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. "மலேரியா வந்தால் பிள்ளைக்கு ஆபத்து எண்டு தெரியும். கொய்னாவைப் பற்றி டாக்டர்மாருக்குள்ளையே ஒத்த கருத்து இல்லை. இந்த அளவால ஒண்டும் வராது எண்டு எங்கட டாக்டர் சொல்லுறார்," என்றேன். அவள் ஒருநாள் யோசித்தாள். மறுநாள் வந்து குடித்தாள். பிள்ளை நல்லபடி பிறந்தது. அது கொய்னாவால் என்றோ, கொய்னாவையும் மீறி என்றோ நான் உரிமை கொண்டாடமாட்டேன். அவள் தானாக முடிவெடுத்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், டாக்டர் வந்துபோன மறுநாள் சனிக்கிழமை காலையில், ஜன்னல் சாக்கை ஒரு விரற்கடை விலக்கிக் கட்டினேன். மாரியாயி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, நெடுநேரம் பார்த்தார்.

"யாரு?"

"நர்ஸ்," என்று காதருகே கத்தினேன்.

"நர்ஸம்மாவா?" அவர் கையை நீட்டி என் தாடையைத் தொட்டார். "இம்புட்டுச் சின்னப் புள்ளையா? இதுக்கா நாங்க அத்தனை பேரும் பயந்தோம்?"

காது இன்னும் மந்தமாக இருந்ததால், அதை அவர் நாலாம் லயம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் சாக்கை முழுவதும் அவிழ்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று எதிரே உட்கார்ந்தேன்.